செத்தும் கொடுக்க இரண்டு சாட்சி வேண்டும்

"என் காலத்துக்குப் பிறகு வீடும் நகையும் அனாதைப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது."

மண்டபம் பக்கத்துக் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, பிளாஸ்டிக் பையில் சுருட்டி, பையையும் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த தாளில் இருந்தது இந்த ஒரு வரிதான். பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள். கீழே அவருடைய பெருவிரல் ரேகை, மை கொஞ்சம் இழுபட்டிருந்தது. அதற்கும் கீழே ஒரே ஒரு சாட்சிக் கையெழுத்து, எழுதிக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பையனுடையது. வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பாமல் பல வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. கருவாடு விற்றுக் கட்டிய வீடு, எட்டுப் பவுன் நகை, பாங்கில் கொஞ்சம் டெபாசிட். நான் அப்போது ஒரு பத்திர எழுத்தரிடம் உதவிக்கு இருந்தேன். எழுத்தர் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஆத்தா, மனசு பெருசுதான். ஆனா இந்தத் தாளு ஒரு பிள்ளைக்கும் ஒரு வேளை சோறு போடாது" என்றார்.

அவர் சொன்னது சட்டப்படி சரி. 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு உயிலுக்குக் கேட்பது கொஞ்சம்தான். எழுதிவைக்கிறவர் கையெழுத்துப் போட வேண்டும் அல்லது கைநாட்டு வைக்க வேண்டும். அதை இரண்டு பேராவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 'இது நான் வைத்த கைநாட்டுதான்' என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அந்த இரண்டு பேரும் அவர் முன்னாலேயே சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு கட்டாயமில்லை. வக்கீல்கூட வேண்டாம். வெள்ளைத்தாள் போதும், நோட்டில் கிழித்த தாளும் செல்லும். பெரியம்மாவின் தாளில் இல்லாமல் போனது இன்னொரு ஆளின் கையெழுத்து ஒன்றுதான். அந்த ஒன்றுக்காக முழு உயிலும் போய்விடும்.

அடுத்த ஓட்டை, 'அனாதைப் பிள்ளைகளுக்கு' என்ற சொல். எந்தப் பிள்ளைகள்? எந்த ஊர்? யார் கையில் கொடுப்பது? பம்பாயிலிருந்து, அன்றைக்கு மேல்முறையீட்டுக்குக் கடைசி இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன ஒரு வழக்கில் 1899இல் ஒரு தீர்ப்பு வந்தது. 'தர்மத்துக்கு' என்று மட்டும் எழுதிவைத்த சொத்து செல்லாது, அந்தச் சொல்லுக்கு எல்லையே இல்லை, இப்படித்தான் செலவழிக்க வேண்டும் என்று நீதிமன்றம் யாரையும் பிடித்துக் கேட்க முடியாது என்றார்கள். நம் வாயில் நாளைக்கு நாலு தடவை வருகிற தர்மம் என்ற சொல், உயிலில் தனியாக நின்றால் செல்லாக்காசு. பெரியம்மாவின் வரி அவ்வளவு மோசமில்லை. குழந்தைகள் என்று ஒரு நோக்கமாவது தெரிகிறது. பொது நன்மை நோக்கம் தெளிவாக இருந்தால் நீதிமன்றமே ஒரு திட்டம் வகுத்துப் பணத்தைப் போய்ச் சேர்க்க வழி உண்டு. சரி, அதற்கு யார் வழக்குப் போடுவது? பெயர் சொல்லாத அனாதைப் பிள்ளையா?

உயில் இல்லாவிட்டால், அல்லது இருந்தும் செல்லாமல் போனால், சொத்து எங்கே போகும் என்று எழுத்தர் அடுத்துச் சொன்னார். அதைக் கேட்டுத்தான் பெரியம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, 15ஆம் பிரிவு. பிள்ளை இல்லாத விதவை உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொந்த உழைப்பில் சேர்த்தது முதலில் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். அவர்களில் ஒருவரும் இல்லாவிட்டால்தான் பெற்ற தாய் தகப்பன் பக்கம் திரும்பும். "அவுக தம்பி மகன் எனக்கு ஒரு வாய் தண்ணி குடுத்ததில்லையே" என்றார். சட்டத்துக்கு அது தேவையில்லை. 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஓம் பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கில், கல்யாணமாகி மூன்றே மாதத்தில் பாம்பு கடித்துக் கணவனை இழந்து, மாமியார் வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, பெற்றோர் படிக்கவைத்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பு முழுக்க, அந்தக் கணவனின் அக்காள் தங்கை பிள்ளைகளுக்குப் போனது. நீதிபதிகளே இது மனசுக்குக் கஷ்டமான வழக்கு என்கிற தொனியில்தான் எழுதினார்கள், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்று முடித்துவிட்டார்கள். அந்தப் பெண் ஒரு பக்கத்தில் நாலு வரி எழுதி இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் வழக்கே இல்லை.

கீழக்கரைக்காரர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் சீதக்காதி வராமல் முடியாது. ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்து வணிகர். உமறுப் புலவரை ஆதரித்தவர். அவர் இறந்தது தெரியாமல் பரிசு கேட்டு வந்த படிக்காசுப் புலவர், அடக்கத்தலத்தில் நின்று பாடியதும் மோதிரம் போட்ட கை வெளியே நீண்டது என்பது கதை. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறார்கள், இந்தக் கரையில் அதைச் சொந்தக்காரர் கதை மாதிரிச் சொல்வார்கள். சேதுபதிகளின் செப்பேடுகள் இன்னொரு வகை. ராமேஸ்வரம் போகிறவர்களுக்குச் சத்திரம், கோயிலுக்குக் கிராமம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, கடைசியில் இந்தத் தர்மத்துக்குக் கெடுதல் செய்கிறவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று ஒரு வரி சேர்ப்பார்கள். எழுதிக்கொடுத்தவர் போன பிறகு அடுத்த தலைமுறை கைவைத்துவிடும் என்ற பயம் ராஜாவுக்கும் இருந்திருக்கிறது. சாபம் போட்டுத்தான் காவல் வைத்தார்கள். நமக்குச் சாபம் தேவையில்லை, நிறைவேற்றுநர் என்று ஒருவரைப் பெயர் போட்டு எழுத வழி இருக்கிறது. பெரியம்மாவின் தாளில் அதுவும் இல்லை.

நிறைவேற்றுநர் என்றால் கடனை அடைத்து, பாங்கில் எழுதிக்கொடுத்து, நகையை விற்று, பணத்தை உரிய இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்குகிற ஆள். சொத்தில் பங்கு பெறுகிறவரே நிறைவேற்றுநராக இருக்கலாம், தடை இல்லை. நம்மைவிட வயதில் இளையவராக, கணக்கு வழக்குத் தெரிந்தவராக, இந்த ஊரை விட்டு ஓடிப்போகாதவராக இருந்தால் நல்லது. உயிலில் பெரிய பதவி பெயரைப் போடுகிறவர்கள் உண்டு: ஊர்த்தலைவர், பங்குத்தந்தை, ஜமாத் தலைவர் என்று. பதவி மட்டும் எழுதினால் அன்றைக்கு அந்த நாற்காலியில் யார் இருப்பார் என்று தெரியாது. ஆளின் பெயர், அவர் இல்லாவிட்டால் அடுத்த ஆளின் பெயர் என்று எழுதுவதுதான் சரி.

இந்தக் கரையில் பத்து மைலுக்கு ஒரு தடவை உயிலுக்கான சட்டம் மாறும். மைலுக்காக மாறவில்லை, ஆட்களுக்காக.

இந்துவாக இருந்தால் சொந்தச் சம்பாத்தியம் முழுவதையும் யாருக்கும் எழுதலாம். பூர்வீகச் சொத்தில் தன் பங்கை மட்டும் எழுதலாம், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் மகள்களுக்கும் 1989 முதலே பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்பதை மறந்துவிட்டு, தோப்பு முழுவதும் தன்னுடையது என்று நினைத்து எழுதுகிற அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி எழுதினால் குழந்தைகள் அமைப்புக்குப் போய்ச் சேர்வது தோப்பு இல்லை, பாகப்பிரிவினை வழக்கு.

தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று வரிசையாக இருக்கிற முஸ்லிம் ஊர்களில் கணக்கு வேறு. அடக்கச் செலவும் கடனும் மனைவிக்குத் தர வேண்டிய மஹரும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத்தாக, அதாவது உயிலாக, எழுத முடியாது. மேலே எழுதினால் இறந்த பிறகு வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். இதன் வேர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஹதீஸ். நோயில் கிடந்த சஅத் இப்னு அபீ வக்காஸ், தனக்கு ஒரே மகள்தான், சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்யட்டுமா என்று நபிகளிடம் கேட்கிறார். வேண்டாம் என்கிறார் நபி. பாதி? வேண்டாம். மூன்றில் ஒன்று? அதுவே அதிகம், பிள்ளைகளைப் பிறரிடம் கையேந்த விட்டுப் போவதைவிட வசதியோடு விட்டுப் போவது மேல் என்பது பதில். எனக்கு இந்த உரையாடல் ரொம்பப் பிடிக்கும். தர்மத்தை ஊக்குவிக்கிற மார்க்கமே தர்மத்துக்கு ஒரு வேலி போட்டு, வீட்டுப் பிள்ளைகளையும் பார் என்று சொல்கிறது. வாயால் சொன்ன வஸிய்யத்தும் ஷரீஅத் படி செல்லும். ஆனால் சிங்கப்பூரில் இருக்கிற மகனும் ஊரில் இருக்கிற மருமகனும் "வாப்பா அப்படிச் சொல்லவே இல்லை" என்று நின்றால் யார் நிரூபிப்பது? எழுதி, இரண்டு பேரைச் சாட்சி வைப்பதே நல்லது. உயிரோடு இருக்கும்போதே சொத்தை வக்ஃபு செய்வது, அதாவது தர்மத்துக்கென்று நிரந்தரமாக ஒதுக்கிவிடுவது, வேறு விஷயம், அதற்கு வேறு சட்டம்.

பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் என்று கிறிஸ்தவ மீனவர்கள் இருக்கிற ஊர்களுக்கு ஒரு தனிக் கதை உண்டு. 2003 வரைக்கும் கிறிஸ்தவர் ஒருவர் நினைத்தபடி தர்மத்துக்கு உயில் எழுத முடியாது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு அப்படி. அண்ணன் தம்பி, அக்காள் தங்கை பிள்ளைகளோ அதைவிட நெருங்கிய உறவோ இருந்தால், சாவதற்குக் குறைந்தது 12 மாதம் முன்னால் எழுதியிருக்க வேண்டும், எழுதிய 6 மாதத்துக்குள் அரசாங்கப் பாதுகாப்பில் ஒப்படைத்திருக்க வேண்டும். சாகும் நாளை யார் ஒரு வருஷம் முன்னால் அறிவார்? மரணப் படுக்கையில் சாமியார்கள் எழுதி வாங்கிவிடுவார்கள் என்ற பழைய இங்கிலாந்துப் பயம் இங்கே கப்பலேறி வந்தது என்பார்கள். ஜான் வள்ளமட்டம் என்ற கேரளத்துப் பாதிரியார் வழக்குப் போட்டார். மற்ற மதத்தாருக்கு இல்லாத கட்டு கிறிஸ்தவர்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்டு 2003 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை அடித்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும், "எங்க ஆளுக தர்மத்துக்கு எழுதுனா செல்லாதாமே" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். செல்லும்.

இன்னொன்று. சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவருக்கே உயிலில் ஏதாவது எழுதியிருந்தால், கிறிஸ்தவர்கள் விஷயத்தில் அந்தப் பங்கு செல்லாது. இந்துக்களுக்கு அந்த விதி இல்லை, ஆனாலும் பங்குதாரரைச் சாட்சி வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

என்ன எழுதலாம் என்று கேட்டால் மூன்று வகை சொல்வார்கள். குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட பொருள், மீதியில் பங்கு. முதல் இரண்டும் கேட்க அழகு, நாள்பட நாள்பட ஏமாற்றும். 'ஒரு லட்சம் ரூபாய்' என்று இன்றைக்கு எழுதி, 20 வருஷம் கழித்துக் கண்ணை மூடினால், விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறுவதாக வைத்தாலும் அந்த லட்சத்துக்கு இன்றைய மதிப்பில் 31,000 ரூபாய்தான் கிடைக்கும். பொருளாக எழுதினால் வேறு தொல்லை. 'என் வல்லத்தை' என்று எழுதிவைத்த சம்மாட்டி (படகு முதலாளி) அதை நடுவில் விற்றுவிட்டு வேறு வாங்கினால், அந்தக் கொடை அதோடு போய்விடும், புதுப் படகுக்குத் தாவாது. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன படகை எழுதிவைத்தால் என்ன ஆகும் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கரையில் இல்லாத படகு உயிலில் இருந்து என்ன, அதைச் சிரித்துக்கொண்டுதான் கேட்டார், நான்தான் சிரிக்க முடியாமல் நின்றேன்.

அதனால் மீதியில் பங்கு என்பதுதான் என் கட்சி. ஈமச்செலவு, பாங்குக் கடன், கம்பெனிக்காரரிடம் வாங்கிய முன்பணம் எல்லாம் தீர்ந்து, மகளுக்கு இன்னது மகனுக்கு இன்னது என்று எழுதியதும் போய், கடைசியில் நிற்பதில் பத்தில் ஒரு பங்கு, கால் பங்கு என்று எழுதுவது. சொத்து பெருகினால் அதுவும் பெருகும், சுருங்கினால் சுருங்கும், வீட்டுப் பிள்ளைகள் சோற்றில் கைவைக்காது. 'மிச்சத்தைக் குழந்தைகளுக்கா?' என்று சிலருக்கு மனசு ஒப்பாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பல உயில்களில் மிச்சம்தான் பெரிசு.

நிலத்தைப் பற்றி இந்தக் கரையில் தனியாகச் சொல்ல வேண்டும். கடலைப் பார்த்த இடம், பிள்ளைகளுக்கு ஒரு விடுதி கட்டட்டும் என்று உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஆசை வரும். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளில், ஓத எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை புதுக்கட்டடம் எழுப்ப முடியாது. விடுதி கட்ட முடியாத நிலத்தை 'விடுதி கட்ட மட்டும்' என்று நிபந்தனையோடு எழுதினால், வாங்கிய அமைப்புக்கு வேலி போட்டுக் காவல் காக்கிற வேலை மட்டும் மிஞ்சும். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மனைப்பட்டா என்றால் பின்பக்கம் நிபந்தனை இருக்கும், அதைப் படிக்க வேண்டும். பட்டாவே இல்லாமல் புறம்போக்கில் முப்பது வருஷமாகக் குடியிருக்கிற வீட்டை உயிலில் எழுதிப் பயன் இல்லை. நிலத்தை விற்று வரும் பணத்தைக் கொடுக்கலாம் என்று நிறைவேற்றுநருக்கு அதிகாரம் கொடுத்துவிட்டால் இதில் பாதித் தலைவலி இல்லை.

சரி, யாருக்கு எழுதுவது? இதில்தான் நல்ல மனசுக்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். சாலையோரத்தில் போர்டு பார்த்து, பண்டிகை நாளில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துவிட்டு வந்து, அந்த இல்லத்தின் பெயரையே எழுதிவிடுவார்கள். 2015ஆம் வருஷத்து சிறார் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி, குழந்தைகளைத் தங்கவைக்கிற எந்த இல்லமும் பதிவு செய்திருக்க வேண்டும். அரசு நடத்தினாலும் தனியார் நடத்தினாலும் ஒன்றுதான். பதிவில்லாமல் நடத்தினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் பதிவு உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம். கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றும் இல்லை, அவர்களுக்கு இது வழக்கமான கேள்விதான்.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. அப்பா கடலில் போய்விட்டார் அல்லது சிறையில் இருக்கிறார், அம்மா பாசி எடுக்கப் போகிறார், வீட்டில் பாட்டி இருக்கிறார் என்றால், அந்தப் பிள்ளை பாட்டியோடு இருந்து பள்ளிக்கூடம் போக உதவுவதே முதல் வழி. இதற்காகத்தான் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியான குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை வைத்திருக்கிறார்கள். ஆக, குழந்தைகள் அமைப்பு என்றதும் கட்டிலும் தட்டும் வரிசையாக இருக்கிற இல்லம்தான் என்று நினைக்க வேண்டாம். வீட்டிலிருக்கிற பிள்ளைக்குப் படிப்புச் செலவு, மாலை வகுப்பு, மருத்துவம் என்று பார்க்கிற அமைப்புகளும் உண்டு. என்னைக் கேட்டால் தாத்தா பெயரில் கட்டடத்தைவிட அவற்றுக்கு எழுதுவேன். கட்டடத்தில் பெயர்ப் பலகை இருக்கும் என்பது உண்மைதான், உப்புக்காற்றில் பலகை எத்தனை வருஷம் நிற்கும் என்பதும் இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான்.

அமைப்பின் பெயரை நாம் கூப்பிடுகிற மாதிரி எழுதக் கூடாது. 1979இல் ரிப்பன் கபூரும் நண்பர்களும் மும்பையில் 50 ரூபாயை வைத்துத் தொடங்கிய அமைப்பை எல்லோரும் கிரை என்கிறோம். உயிலில் சைல்டு ரைட்ஸ் அண்டு யூ என்று முழுப்பெயர், பதிவு எண், பான் எண், முகவரி எல்லாம் வர வேண்டும். 'மதர் தெரசா ஹோம்' என்று மட்டும் எழுதினால் நாலு இல்லம் நாங்கள்தான் என்று வந்து நிற்கும். அமைப்புகளும் சாகும், பெயர் மாறும், ஒன்றோடொன்று சேரும். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை நெடுக முளைத்த போர்டுகள் எல்லாம் இன்று இருக்கின்றனவா என்ன? 'அந்த அமைப்பு அப்போது இல்லாவிட்டால், ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரக் குழந்தைகளின் படிப்புக்காக வேலை செய்கிற பதிவுபெற்ற வேறு அமைப்புக்கு என் நிறைவேற்றுநர் தேர்ந்து கொடுக்கலாம்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. துபாயிலும் சவூதியிலும் வேலை பார்க்கிற, கையில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்டவர் பணமாகக் கொடுத்தால் வரும், ரூபாயாகக் கொடுத்தாலும் வரும். அப்போது வாங்குகிற அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும், அதற்கென்று டெல்லி ஸ்டேட் பாங்குக் கிளையில் கணக்கு இருக்க வேண்டும். ஊரில் பத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற சின்ன அமைப்புக்கு அது இருக்காது. காக்கா (இங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணனை இப்படித்தான் சொல்வார்கள்) ஆசையாக எழுதிவைத்த பணத்தை அவர்களால் தொடவே முடியாது. எழுதுவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டால் தீர்ந்தது.

பெரிய அமைப்புகளின் துண்டறிக்கைகளில் உயில் கொடை என்றதும் வரிச்சலுகை பற்றி இருக்கும். அது பிரிட்டன் விவகாரம். அங்கே பெரிய சொத்துக்கு 40 சதவீதம் மரண வரி உண்டு, வரிக்கு உட்பட்ட பகுதியில் பத்தில் ஒன்றைத் தர்மத்துக்கு எழுதினால் மீதிக்கு 36 ஆகக் குறையும். நம் நாட்டில் அந்த வரியை 1985லேயே எடுத்துவிட்டார்கள். இங்கே உயிலில் கொடுப்பவருக்கு வரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

அப்புறம், நாமினி. உயிலுக்கும் நாமினிக்கும் ஊரில் நடக்கிற குழப்பத்துக்கு அளவில்லை. பாங்கில் நாமினி போட்டாகிவிட்டது, அவருக்கே பணம் என்று நினைக்கிறார்கள். பாங்கு பணத்தை அவர் கையில் கொடுக்கும், அவ்வளவுதான். அந்தப் பணம் யாருக்குச் சொந்தம் என்பதை உயில் சொல்லும், உயில் இல்லாவிட்டால் வாரிசுச் சட்டம் சொல்லும். பங்குச் சந்தை விஷயத்தில்கூட 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் மனைவி, கணவன், பிள்ளை, பெற்றோரை நாமினி போட்டால் பணம் அவர்களுக்கே உரியது என்று 2015இல் மாற்றினார்கள். பாங்கு டெபாசிட்டுக்கு ஓர் அமைப்பை நாமினியாகப் போடவும் முடியாது, தனிமனிதரைத்தான் போடலாம். ஆகவே குழந்தைகள் அமைப்புக்கு டெபாசிட்டைக் கொடுக்க உயிலே வழி. நாமினியாகவும் நிறைவேற்றுநராகவும் ஒரே ஆளைப் போட்டுவைத்தால் பணம் சுற்றி அலையாது.

உயிலின் கஷ்டம் எழுதுவதில் இல்லை. எழுதியவர் இல்லாத நேரத்தில் அது தானாக நின்று பேச வேண்டும், கஷ்டம் அங்கேதான். சண்டை வந்தால், சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறி 'ஆமாம், என் கண் முன்னால்தான்' என்று சொல்ல வேண்டும். அதனால் எழுபது வயதுத் தோழனைச் சாட்சி வைப்பதில் பயன் குறைவு. ஆழ்கடலுக்குப் போகிற இளைஞனை மட்டும் நம்புவதும் இந்தக் கரையில் யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஒரு டீச்சர், கடைக்காரர் என்று ஊரில் நிலையாக இருக்கிற, இளைய ஆட்களாகப் பார்க்க வேண்டும்.

குழந்தைகள் அமைப்பைச் சேர்ந்தவரே வந்து உட்கார்ந்து எழுதவைத்து, அவரே ஆட்டோ பிடித்துப் பதிவு ஆபீசுக்குக் கூட்டிப்போவதைப் பார்த்திருக்கிறேன். நல்லெண்ணமாகவே இருக்கட்டும். உயிலில் ஆதாயம் பெறுகிறவர் அதை எழுதுவதில் முன்னால் நின்றிருந்தால், சந்தேகத்தைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு அவர் தலையில்தான் என்று 1959இலேயே வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயரும் பதிவு எண்ணும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிற அமைப்புதான் விவரம் தெரிந்த அமைப்பு.

பதிவு செய்தால் நல்லது என்பேன், கட்டாயம் இல்லாவிட்டாலும். பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் செய்யலாம். உயில் தனிப் புத்தகத்தில் ஏறும், ஈசி என்கிற வில்லங்கச் சான்றில் வராது, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை வேறு யாருக்கும் நகல் கொடுக்க மாட்டார்கள். அதனால் மருமகன் ஈசி போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார் என்று பயப்பட வேண்டாம். பதிவும் வேண்டாம், யாருக்கும் தெரியவும் வேண்டாம் என்றால், உறையில் போட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கலாம். 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டத்திலேயே இருக்கிற வசதி, முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. பழைய சட்டம் கிறிஸ்தவர்களிடம் கேட்டதும் இந்த மாதிரி ஒப்படைப்பைத்தான். பதிவு செய்துவிட்டோமே, இனி மாற்ற முடியாதோ என்று பயம் வேண்டாம். சாகும்வரை எத்தனை தடவையும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே நிற்கும். தானசெட்டில்மென்ட் எழுதினால்தான் அன்றைக்கே கையை விட்டுப் போகும். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் உயிரோடு இருக்கும்போதே வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்தவர்கள் உண்டு.

ராமநாதபுரத்துச் சொத்துக்குப் புரோபேட் என்ற நீதிமன்றச் சான்று வாங்க வேண்டுமா என்று கேட்பார்கள். சென்னை நகரத்துச் சொத்துக்கும் அங்கே எழுதிய உயிலுக்கும்தான் நெடுங்காலம் அந்தக் கட்டாயம் இருந்தது. நம் மாவட்டத்துக்கு இல்லை.

வீட்டில் சொல்ல வேண்டுமா என்பது ஒவ்வொருவர் வீட்டைப் பொறுத்தது. சொல்லிவிடுவதே மேல் என்பது நான் பார்த்த வரைக்கும். அப்பா போன பதினாறாம் நாள் 'கால் பங்கு குழந்தைகள் அமைப்புக்கு' என்று முதல் தடவையாகக் கேட்கிற மகனுக்கு, அது ஏதோ யாரோ ஏமாற்றி வாங்கியதாகத்தான் தோன்றும். எதற்காக எழுதுகிறேன் என்று உயிலிலேயே இரண்டு வரி இருந்தால் அவனுக்கும் சமாதானம், நாளைக்கு நீதிபதிக்கும் சமாதானம்.

பெரியம்மா பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தார். கூட அவருடைய தங்கச்சி மகள், தெருவில் இருக்கிற ஒரு டீச்சர், ரேஷன் கடையில் எடை போடுகிற பையன். வீட்டைத் தங்கச்சி மகளுக்கு எழுதச் சொன்னார், முன்பு அவளை மறந்தே போயிருந்தார். கடனும் காரியச் செலவும் போக நகையும் டெபாசிட்டும் ஒரு பதிவுபெற்ற அமைப்புக்கு, கடற்கரைப் பிள்ளைகள் படிப்புக்கு. அமைப்பு இல்லாமல் போனால் என்ன செய்வது என்ற வரியும் ஏறியது. எழுத்தர் முழுவதையும் சத்தமாகப் படித்தார். தோடு என்ற இடத்தில் பெரியம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "இதை மட்டும் எடுத்துருங்கய்யா. இது என் கூடவே போகட்டும்." எழுத்தர் அடித்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் புதுசாக எழுதச் சொன்னார், உயிலில் அடித்தல் திருத்தல் வைக்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். நான் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். டீச்சரும் பையனும் பார்த்துக்கொண்டிருக்க, பெரியம்மா பெருவிரலை மைப்பெட்டியில் அமுக்கி, தாளில் நிதானமாக உருட்டினார். இந்தத் தடவை ரேகை இழுபடவில்லை. துடைக்கத் துணி நீட்டினேன். வேண்டாமென்று விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.